உறைபனியில் ஓர் ஈற்றுக்காலம்

அமெரிக்காவின் வடக்குச் சமவெளி மாநிலங்களான மொன்டானா, வயோமிங், வட டகோட்டா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா ஆகியவற்றிலும், எல்லைக்கு அப்பால் விரியும் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா என்ற கனடிய மாகாணங்களிலும், ஆண்டின் கொடிய பருவமும் மாடுகள் கன்று ஈனும் பருவமும் பல பண்ணைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் முடிய நீளும் இந்த ஈற்றுக்காலத்தில், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20, 25 டிகிரி வரை இறங்கிவிடும் இரவுகளும் வருவதால், தாயின் வயிற்றில் 39 டிகிரி செல்சியஸ் கதகதப்பில் கிடந்த கன்று நனைந்த உடலோடு சில நொடிகளில் உறைபனிக் காற்றுக்குள் வந்து விழ நேர்கிறது. இவை பாலுக்காக வளர்க்கப்படும் மாடுகள் அல்ல; இறைச்சிக்கென வளர்க்கப்படும் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு போன்ற இனங்கள். ஒரு பசு ஆண்டு முழுவதும் தின்னும் தீவனத்துக்கு ஈடாகப் பண்ணைக்குக் கிடைப்பது அது ஈனும் ஒரே ஒரு கன்றுதான் என்பதால், அந்த முதல் இரவில் கன்று பிழைக்கிறதா இல்லையா என்பதிலேயே அந்தப் பசுவின் ஓராண்டுக் கணக்கு அடங்கிவிடுகிறது.

இந்தப் பருவப் பொருத்தம் இயற்கை விதித்ததன்று. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். பொலிகாளைகளை மே மாதத்தில் மந்தைக்குள் விட்டால் கன்றுகள் பிப்ரவரி கடைசியில் பிறக்கத் தொடங்கும். ஜூலையில் விட்டால் ஏப்ரல் நடுவில் பிறக்கும். அதே சமவெளியில் மனிதர் தலையீடின்றி வாழ்ந்த அமெரிக்கக் காட்டெருமைகள் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும், அதாவது புல் துளிர்க்கும்போது, கன்று ஈன்று வந்தன. பண்ணைக்காரர்கள் அதைவிட இரண்டு மாதம் முந்திக்கொண்டதற்குக் காரணம் இலையுதிர்காலச் சந்தை. தாயிடமிருந்து பிரித்த கன்றுகள் அக்டோபர், நவம்பரில் எடை போட்டு விற்கப்படுகின்றன. அறுபது நாள் மூத்த கன்று அறுபது நாள் வளர்ச்சியோடு தராசில் ஏறும். மேலும் மே மாதம் பிறந்துவிட்டால் விதைப்பு, வேலி பழுது, பாசனம், புல் அறுப்பு என்று வேலைகள் வரிசைகட்டி நிற்கும் என்பதால், வேறு வேலையில்லாத பனிக்காலத்திலேயே ஈற்றை முடித்துவிடுவது வசதி என்ற எண்ணமும் வேரூன்றியது. பனியோடு பண்ணை நடத்தும் போராட்டத்தின் பெரும்பகுதி, புயல் அடிக்கும் இரவில் அன்றி, காளையை மந்தைக்குள் விடும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலின் மற்ற நுணுக்கங்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆனால் தொடக்கத்தில் இப்படிப்பட்ட திட்டம் எதுவும் இருக்கவில்லை. 1870-களிலும் 1880-களிலும் இந்தச் சமவெளியில் நிலவியது திறந்தவெளி மேய்ச்சல் முறை; வேலியற்ற அரசு நிலத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, கோடையிலும் பனியிலும் அவை தாமே மேய்ந்து பிழைக்கும் என்று நம்பி, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் திரட்டிச் சூடுபோட்டு விற்கும் முறை அது. டெக்சாஸிலிருந்து ஓட்டிவரப்பட்ட மாடுகளும், கிழக்கிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்த முதலீடும் சேர்ந்து, புல்வெளி தாங்கும் அளவைத் தாண்டி மந்தைகளைப் பெருக்கின. 1886 கோடை வறண்டது, புல் கருகியது. நவம்பரிலேயே பனி விழுந்தது; 1887 ஜனவரியில் அடுத்தடுத்துப் புயல்கள் வந்தன. இடையில் பனி சற்றே உருகி மறுபடி உறைந்ததால், குளம்பாலும் மூக்காலும் உடைக்க முடியாத கெட்டிப் படலம் புல்லின்மேல் மூடிக்கொண்டது. குதிரை காலால் பனியைக் கிளறி அடியிலுள்ள புல்லைத் தின்னும்; காட்டெருமை தலையால் பனியை ஒதுக்கும்; மாட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. காற்று தள்ளிய திசையில் நடந்து, வேலியிலோ ஆற்றங்கரையிலோ முட்டி நின்று, அங்கேயே கூட்டங்கூட்டமாக அவை மடிந்தன. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் டகோட்டாவில் வைத்திருந்த மந்தையிலும் பெரும்பகுதி அந்தக் குளிர்காலத்தில்தான் அழிந்தது.

மொன்டானாவின் ஜூடித் பள்ளத்தாக்கில் அப்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்த சார்லஸ் ரஸ்ஸல் என்ற இளைஞர், மந்தையின் நிலை என்ன என்று உரிமையாளர் கேட்டதற்கு விடையாக, விலாவெலும்பு தெரிய நிற்கும் ஒற்றை மாட்டையும் அதைச் சுற்றிக் காத்திருக்கும் ஓநாய்களையும் ஒரு சிறு அட்டையில் வண்ணம் தீட்டி அனுப்பினார். ‘சினூக்குக்குக் காத்திருத்தல்’ என்று பெயர் பெற்ற அந்தச் சித்திரமே அவரைப் புகழ்பெற்ற ஓவியராக்கியது. சினூக் என்பது ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும்போது வறண்டு வெப்பமேறி வீசும் காற்று. பனியைச் சில மணி நேரத்தில் உருக்கிவிடக்கூடியது. 1943 ஜனவரி 22 அன்று தென் டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் நகரில் வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு உயர்ந்தது, இத்தகைய காற்றின் வேலைதான். 1887-இல் அது வந்து சேர்வதற்குள் காலம் கடந்திருந்தது.

அந்த அழிவுக்குப் பிறகு மொன்டானாவின் முன்னோடிப் பண்ணையாளர் கிரான்வில் ஸ்டூவர்ட், தீவனமும் தங்குமிடமும் கொடுக்க முடியாத எந்த உயிரையும் இனி வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்று கூறி விலகிக்கொண்டார். எஞ்சியவர்கள் வேலி கட்டி, மந்தையைச் சுருக்கி, கோடையில் புல்லை அறுத்து உலர்த்திச் சேமிக்கத் தொடங்கினர். இன்று ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு 11 முதல் 13 கிலோ உலர்புல், அதை நான்கைந்து மாதம் கொடுக்க வேண்டிய நிலை என்று கணக்கிட்டால், தலைக்கு ஒன்றேகால் டன்னிலிருந்து இரண்டு டன் வரை போரில் இருக்க வேண்டும்; உருளையாகச் சுற்றிக் கட்டிய அரை டன் கட்டுகள் பண்ணை ஓரங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். இதில் ஒரு முரண் உண்டு. மாட்டைப் பனியிலிருந்து காப்பாற்றச் சேர்த்த உலர்புல்லே, கையில் தீவனம் இருக்கிறது என்ற துணிச்சலைத் தந்து, கன்று ஈனும் காலத்தையும் பனிக்குள் இழுத்துக்கொண்டு வந்தது.

வயதுவந்த மாடு குளிருக்கு எளிதில் அஞ்சுவதில்லை. இலையுதிர்காலத்தில் பகல் குறையக் குறைய அதன் உடலில் அடர்ந்த மயிர் வளர்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நார்ப்பொருளை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது வெளிப்படும் வெப்பம் உள்ளிருந்தே உடலைச் சூடேற்றுகிறது. உடல் வெப்பத்தைக் காப்பதற்கென்று கூடுதல் ஆற்றலைச் செலவிடத் தொடங்கும் புறவெப்பநிலையைக் கால்நடையியலார் கீழ் எல்லை வெப்பநிலை என்பர். அடர்ந்த பனிக்கால மயிர் உலர்ந்திருக்கும் மாட்டுக்கு இந்த எல்லை மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது. அதே மாடு மழையில் நனைந்துவிட்டால் 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. நனைந்த மாடு 15 டிகிரியிலேயே குளிரத் தொடங்குகிறது என்று இதற்குப் பொருள். இந்த எல்லைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் ஆற்றல் தேவை ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுகிறது. ஆகவே பனிக்காலப் பண்ணையில் உண்மையான எதிரிகள் ஈரமும் காற்றும். வறண்ட அமைதியான மைனஸ் 20-ஐ மந்தை முதுகில் பனி உருகாமல் படிந்திருக்க அசைபோட்டுக்கொண்டே கடந்துவிடும். முதுகுப் பனி உருகாமலிருப்பதே மயிர் வெப்பத்தை வெளியே விடவில்லை என்பதற்கு அடையாளம்.

காற்றைத் தடுக்கும் தட்டிகளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலகைகளை இடைவெளியின்றி அடித்தால் காற்று மேலேறிச் சுழன்று மறுபுறத்தில் பனியைக் கொண்டுவந்து குவிக்கும். நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கு இடைவெளி விட்டு அடித்தால் வேகம் மட்டுப்பட்டு, தட்டியின் உயரத்தைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு தூரத்துக்கு அடங்கிய காற்று கிடைக்கும். பண்ணைகளைச் சுற்றி இன்றும் நிற்கும் மரவரிசைகளில் பல, புழுதிப் புயல்கள் அடித்த 1930-களில் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கிய திட்டத்தில் நடப்பட்டவை. 1934 முதல் 1942 வரை வட டகோட்டா தொட்டு டெக்சாஸ் வரை ஏறத்தாழ 22 கோடி மரங்கள் நடப்பட்டன. மண்ணைக் காக்க நட்ட அந்த மரங்களின் அடியில் பிற்பாடு எத்தனையோ தலைமுறைக் கன்றுகள் ஒதுங்கிப் பிழைத்திருக்கின்றன.

முதல் ஈற்றுக் கிடேரிகளே அதிகக் கவனிப்பைக் கேட்பவை. இடுப்பெலும்பின் வழி குறுகியிருப்பதாலும் அனுபவமின்மையாலும் அவற்றுக்குத்தான் கைத்துணை பெரும்பாலும் வேண்டியிருக்கும். அவற்றைக் கொட்டிலுக்கு அருகே அடைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கொரு முறை இரவெல்லாம் விளக்கோடு போய்ப் பார்ப்பது வழக்கம்; இப்போது கொட்டிலில் பொருத்திய கேமராவைப் படுக்கையிலிருந்தே கைப்பேசியில் பார்க்கும் வசதி வந்திருந்தாலும், நடை முற்றாக நின்றுவிடவில்லை. ஈனப்போகும் மாடு கூட்டத்திலிருந்து விலகும், வாலைத் தூக்கிப் பிடிக்கும், படுப்பதும் எழுவதுமாக இருக்கும். பனிக்குடம் வெளிப்பட்ட பிறகு, முன்னங்கால் குளம்புகள் இரண்டும் அடிப்பாகம் தரையை நோக்கியபடி வர, முழங்கால்களின்மேல் மூக்கு படிந்திருந்தால் கன்று சரியாக வருகிறது. குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது பின்னங்கால், தாமதிக்காமல் எடுக்க வேண்டும். ஈன்று பழகிய பசு ஒரு மணி நேரத்திலும் கிடேரி இரண்டு மணி நேரத்துக்குள்ளும் முன்னேற்றம் காட்டாவிட்டால், கணுவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரட்டைச் சுற்றாகச் சங்கிலி மாட்டி, மாடு முக்கும்போது இழுத்து, அது ஓயும்போது தளர்த்தி, கால்களை மாறி மாறி வெளியே கொண்டுவருவர். கடுங்குளிர்காலத்துக்குப் பின் பிறக்கும் கன்றுகள் சராசரியைவிடக் கனமாக இருப்பதும், அதனால் ஈற்று கடினமாவதும் நெப்ராஸ்காவில் செய்த ஆய்வொன்றில் பதிவாகியிருக்கிறது. குளிரில் தாயின் குருதியோட்டம் தோற்புறத்தை விட்டு உள்ளுறுப்புகளுக்கும் கருப்பைக்கும் திரும்புவதால் கருவுக்குக் கூடுதல் ஊட்டம் போகிறது என்பது அதற்குக் கூறப்படும் விளக்கம்.

இரவுக் காவலைக் குறைக்க மானிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனெஃபால் என்ற பண்ணையாளர் 1970-களில் கண்ட வழி வியப்பானது. தீவனத்தைக் காலையில் கொடுக்காமல் நண்பகலையொட்டி ஒரு முறையும் இரவு பத்து மணியளவில் ஒரு முறையும் கொடுத்தால், பெரும்பாலான கன்றுகள் பகலிலேயே பிறக்கின்றன என்பதை அவர் கவனித்தார். அந்தி நேரத்தில் ஒரே முறை தீனி போட்டாலும் ஏறத்தாழ அதே பயன் கிடைப்பதாகப் பின்னர் வந்த சோதனைகள் காட்டின. இரைப்பை நிறைந்து இயங்கும் நேரத்தில் கருப்பையின் சுருக்கம் அடங்கியிருப்பதே காரணமாகலாம். செலவில்லாத இந்த மாற்றத்தால் இரண்டு நன்மைகள்: கன்று பகலின் சற்றே மிதமான வெப்பத்தில் பிறக்கிறது, தீவனம் நொதிக்கும் வெப்பம் தாய்க்கு நடுநிசியில், குளிர் கடுமையாகும் நேரத்தில் கிடைக்கிறது.

பிறந்த கன்றை முதலில் காப்பது தாயின் நாக்கு. அது நக்கி உலர்த்துவதோடு குருதியோட்டத்தையும் தூண்டிவிடுகிறது. தாய் நக்காவிட்டாலோ, கன்று ஈரத்தோடு பனியில் நெடுநேரம் கிடந்தாலோ, உடல் வெப்பம் இயல்பான 38.5 டிகிரியிலிருந்து இறங்கத் தொடங்குகிறது. பண்ணைக்காரர் முதலில் செய்வது கன்றின் வாய்க்குள் விரலைவிட்டுப் பார்ப்பதுதான். வாய் சில்லிட்டிருந்தால் நேரமில்லை என்று பொருள். 35 டிகிரிக்குக் கீழே போன கன்றுக்கு வெறும் வைக்கோல் படுக்கை போதாது. வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் தலையை மட்டும் வெளியே தாங்கிப் பிடித்து அமிழ்த்தியோ, வெப்பக்காற்று செலுத்தும் பெட்டிக்குள் வைத்தோ, பிக்கப் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்கு அருகே தரையில் கிடத்தி ஹீட்டரை முழுவேகத்தில் திருப்பிவிட்டோ மீட்பர். பல வீடுகளில் சமையலறைத் தரையும் குளியலறைத் தொட்டியும் இந்த மாதங்களில் கன்றுகளுக்கே உரியவை. நன்றாக உலர்ந்த பின்னரே வெளியே அனுப்ப வேண்டும். அரைகுறை ஈரத்தோடு விட்ட கன்றின் காதுநுனியும் வால்நுனியும் உறைந்து, சில நாளில் கருகி உதிர்ந்துவிடும். குட்டைக் காதோடு சந்தைக்கு வரும் கன்றைப் பார்த்தே அது பிறந்த வாரத்தின் வானிலையைச் சொல்லிவிடுவார்கள்.

வெப்பத்துக்கு அடுத்தபடி சீம்பால். மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு நோயெதிர்ப்புப் புரதங்களைக் கருவுக்குக் கடத்துவதில்லை. ஆகையால் கன்று எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்து, அதை முதல் பாலிலிருந்துதான் பெற வேண்டியிருக்கிறது. அந்தப் பெரும் புரத மூலக்கூறுகளைக் குடல் அப்படியே உள்ளே விடும் காலம் குறுகியது. முதல் ஆறு மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குறைந்து, 24 மணி நேரத்தில் வழி அடைபட்டுவிடுகிறது. குளிரில் விறைத்த கன்றுக்கு எழுந்து நிற்கவும் காம்பைத் தேடவும் வலுவிருக்காது என்பதால், கறந்து வைத்த சீம்பாலை இரண்டு லிட்டர் அளவில் குழாய் வழியாக இரைப்பைக்குள் இறக்குவது வழக்கம். குளிரால் நேரடியாகச் சாகாத கன்றுகள் இரண்டு வாரம் கழித்துக் கழிச்சலில் சாவதற்கு இந்த முதல் நாள் தவறியதே பெரும்பாலும் வேராக இருக்கிறது.

கன்றை இழந்த தாயும் தாயை இழந்த கன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்துவருவது ஈற்றுக்காலத்தில் சாதாரணம். பசு தன் கன்றை மோப்பத்தால் அறிவதால், இறந்த கன்றின் தோலை உரித்து, அநாதைக் கன்றின் முதுகில் போர்த்திக் கயிற்றால் கட்டிவிடுவர். சில நாளில் பால் குடித்த கன்றின் வாசமே தாய்க்குப் பழகிவிட, தோலை அவிழ்த்தெறியலாம். தமிழ்நாட்டில் கன்று இறந்த பசு பால் சுரக்க வேண்டுமென்று வைக்கோல் திணித்த கன்றுத்தோலை முன்னால் நிறுத்திய பழைய வழக்கமும் இதே மோப்பத்தை நம்பியதுதான். அங்கே அந்தத் தோல் கறவைப் பாத்திரத்துக்காக நின்றது, இங்கே உயிருள்ள இன்னொரு கன்றுக்காகக் கட்டப்படுகிறது.

கழிச்சலுக்கு ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், ஈ.கோலை, கிரிப்டோஸ்போரிடியம் என்று காரணிகள் பல. இவற்றுள் பலவும் மந்தையில் எப்போதும் இருப்பவை. நோய்க்கு வித்திடுவது நெருக்கமே. முதலில் பிறந்த கன்றுகள் தமக்குத் தெரியாமல் கிருமிகளைப் பெருக்கிச் சேற்றில் விட, மூன்றாம் நான்காம் வாரத்தில் பிறப்பவை பிறந்த கணமே பெருந்தொகையில் அவற்றை எதிர்கொள்கின்றன. நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் வகுத்த சேண்ட்ஹில்ஸ் ஈற்று முறை இதற்கு மருந்தைவிட நல்ல விடை. ஈன்ற பசுக்களைக் கன்றுகளோடு அதே மேய்ச்சல் நிலத்தில் விட்டுவிட்டு, இன்னும் ஈனாதவற்றை மட்டும் வாரத்துக்கொரு புதிய நிலத்துக்கு ஓட்டிச் செல்வதே அந்த முறை. ஒரு வாரத்துக்கு மேல் வயது வேறுபாடு உள்ள கன்றுகள் கலப்பதில்லை; கடைசிக் கன்றுக்கும் முதல் கன்றுக்குக் கிடைத்த சுத்தமான தரை கிடைக்கிறது. நிலம் வேண்டும் என்பது இதன் குறை. பனியில் மூடிய வேலிகளும் உறைந்த நீர்த்தொட்டிகளும் இருக்கும்போது ஒவ்வொரு வாரமும் புதிய நிலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எவ்வளவு ஆயத்தமிருந்தும் பருவம் தவறி வரும் புயலுக்கு விடை இல்லை என்பதை 2013 அக்டோபர் 3 முதல் 5 வரை மேற்குத் தென் டகோட்டாவைத் தாக்கிய அட்லஸ் புயல் காட்டியது. மாடுகள் அப்போது காப்பில்லாத கோடை மேய்ச்சல் நிலங்களில் இருந்தன. பனிக்கால மயிர் வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழை மணிக்கணக்காகப் பெய்து தோல்வரை நனைத்தது; பின்னர் பலத்த காற்றோடு பனி கொட்டியது. ஜனவரியில் இதைவிடக் கடுங்குளிரைப் பொருட்படுத்தாத மாடுகள், காற்று தள்ளிய திசையில் பல கிலோமீட்டர் நடந்து, ஓடைகளிலும் சாலையோரங்களிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. அந்த வாரம் அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் நிதி ஒதுக்கீட்டுத் தகராறில் மூடப்பட்டிருந்தன. இயற்கைச் சீற்றத்தால் இறக்கும் கால்நடைக்குச் சந்தை மதிப்பில் 75 விழுக்காடு தரும் இழப்பீட்டுத் திட்டமும் 2011-இலேயே காலாவதியாகியிருந்தது. 2014 பிப்ரவரியில் நிறைவேறிய வேளாண் சட்டம்தான் அதை முன்தேதியிட்டு உயிர்ப்பித்தது. இடைப்பட்ட மாதங்களில் அண்டை மாநிலப் பண்ணைக்காரர்கள் சினைக் கிடேரிகளை லாரிகளில் ஏற்றி இலவசமாக அனுப்பினர். சட்டத்தைக் காட்டிலும் அது விரைவாக வந்து சேர்ந்தது. 2019 மார்ச்சில் நெப்ராஸ்காவில் வந்தது வேறு வகைக் கேடு: உறைந்த மண்ணின்மேல் பெய்த மழை உள்ளிறங்க வழியின்றி வெள்ளமாகி, நையோப்ராரா ஆற்றின் ஸ்பென்சர் அணையை மார்ச் 14 அன்று உடைத்து, பனிப்பாளங்களோடு பாய்ந்தது. ஈற்றுக்காலத்தின் உச்சம் அது; தாழ்ந்த நிலத்தில் காற்றுக்கு ஒதுக்கி வைத்திருந்த கன்றுகளே முதலில் போயின.

இத்தகைய இழப்புகளுக்குப் பின்னர் ஈற்றை ஏப்ரல், மே மாதங்களுக்குத் தள்ளிவைப்போர் தொகை கூடியிருக்கிறது. மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கருகே பழைய ராணுவக் கோட்டையில் இயங்கும் ஃபோர்ட் கியோ ஆய்வு நிலையம், பின்பனி, இளவேனில், இளவேனிற்கடைசி என்று மூன்று ஈற்றுக்காலங்களை ஒப்பிட்டே பார்த்திருக்கிறது. ஈற்றைத் தள்ளிவைத்தால், பால் சுரக்கும் பசுவின் உச்சத் தேவையும் பச்சைப்புல்லின் உச்ச வளர்ச்சியும் ஒரே நேரத்தில் அமைவதால் உலர்புல் செலவு குறைகிறது. கன்று உலர்ந்த மண்ணில் பிறக்கிறது. ஆனால் அதே அக்டோபரில் விற்றால் கன்றின் எடை குறைவு. காளை சேரும் காலம் ஆகஸ்டு வெயிலுக்குள் போகிறது. ஏப்ரலின் ஈரக் கனப்பனி பிப்ரவரியின் உலர்பனியைவிடக் கன்றுக்குக் கொடியதாக அமையும் ஆண்டுகளும் உண்டு. 2025 ஜனவரி 1 கணக்கில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8 கோடியே 67 லட்சமாக, 1951-க்குப் பிறகு காணாத அளவுக்குக் குறைந்து, கன்று விலை உச்சத்தில் நின்ற சூழலில், எடை குறைந்தாலும் உயிரோடு சந்தைக்குப் போகும் கன்றே லாபம் என்ற வாதத்துக்கு வலு கூடியது என்றே கொள்ள வேண்டும்.

பனிக்காலத்தின் இன்னொரு கணக்கு ஈற்றுக்காலம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். ஆண்டுக்கொரு கன்று தவறாமலிருக்க, 283 நாள் சினைக்காலம் போக எஞ்சும் 82 நாளுக்குள் பசு மறுபடி சினைப்பட வேண்டும். உடற்கட்டை ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பிடும் அளவுகோலில் ஐந்துக்குக் கீழே மெலிந்த நிலையில் ஈன்ற பசு, குளிருக்குத் தன் கொழுப்பை எரித்துக் கன்றுக்கும் பால் கொடுத்துவிட்டு, அந்தக் கெடுவுக்குள் பருவத்துக்கு வருவதில்லை. இலையுதிர்காலத்தில் கன்றுகளைப் பிரிக்கும் நாளில் கால்நடை மருத்துவர் ஒவ்வொரு பசுவையும் குறுகிய அடைப்புக்குள் நிறுத்திச் சினை பார்ப்பார். இல்லை என்று அவர் சொல்லும் பசுவின் முதுகில் சாக்கட்டியால் குறியிட்டு, அடுத்த பனிக்காலத்துக்கு அதற்கு உலர்புல் போட முடியாது என்பதால், அன்றைக்கே விற்பனை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.